இரசிகர் கலைக்களஞ்சியங்களின் எழுத்து நெறி – ஒரு வரலாற்று நோக்கு

நடவாத ஒன்றை எந்தக் காலத்தில் வைத்து எழுதுவது என்பது இலக்கண ஆசிரியர் முன் வைக்கப்படும் வேடிக்கை வினாவாகத் தோன்றலாம். ஆயின், ஒரு கதையின் இரசிகர்கள் பலர் கூடி அக்கதையுலகிற்கெனக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுக்க முற்படும்போது முதலில் முடிவுசெய்யப்பட வேண்டிய வினா இதுவேயாகும். ‘விக்கி’ என வழங்கும் இத்தகைய கணினித் தொகுப்புகளில் எவரும் எழுதலாம். பிறர் எழுதியதை எவரும் திருத்தலாம். எழுதுவோருக்கு ஊதியமில்லை, இறுதிச் சொல்லைச் சொல்லும் பதிப்பாசிரியர் என ஒருவருமில்லை. ஆதலின், எல்லோரும் ஏற்றுக்கொண்ட எழுத்து நெறி ஒன்றே அங்கு பதிப்பாசிரியரின் இடத்தை வகிக்கின்றது. இந்நெறிகள் கணினியுடன் பிறந்தவையல்ல என்பதும், அவற்றின் மூலத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காணலாம் என்பதும் பலர் அறியாதவை.

ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகள் நாவல்கள் நான்கும் சிறுகதைகள் ஐம்பத்தாறுமாக மொத்தம் அறுபது ஆகும். 1887இல் வெளிவந்த முதற்கதையிலே டாக்டர் வொட்சன் ஆப்கானிஸ்தான் போரில் தோளிற் குண்டடிபட்டவர். 1890இல் வெளிவந்த இரண்டாம் கதையிலோ காயம் காலுக்கு இறங்கிவிடுகின்றது. 1891இல் வந்த மற்றொரு கதையில், ஜோன் என்னும் பெயருடைய வொட்சனை அவருடைய மனைவியே ஜேம்ஸ் என்று அழைக்கின்றாள். விரைந்து எழுதிய ஆசிரியரின் மறதி எனச் சாதாரண வாசகன் இவற்றைக் கடந்து செல்வான். கடந்து செல்ல மறுத்தவர்களிடமிருந்தே இவ்வரலாறு தொடங்குகின்றது.

1902இல் பிராங்க் சிட்விக் என்பார், பாஸ்கர்வில் வேட்டைநாய் பற்றிய கதையிற் காணப்படும் திகதி முரண்பாடுகளைச் சுட்டி, கேம்பிரிட்ஜ் சஞ்சிகை ஒன்றிலே பகிரங்கக் கடிதம் எழுதினார். அக்கடிதம் டொயிலுக்கு அன்றி வொட்சனுக்கே முகவரியிடப்பட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1911இல் ஒக்ஸ்போர்டில் ரொனால்ட் நொக்ஸ் வாசித்த கட்டுரை இதனை ஒரு முறையியலாகவே வளர்த்தது. பின்னாளிற் கத்தோலிக்கக் குருவாகி, விவிலியத்தைத் தனியொருவராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் நொக்ஸ். அக்காலத்து ஜேர்மானிய அறிஞர் சிலர் விவிலிய நூல்களைப் பகுத்து, இது முதலாசிரியர் கூற்று, இது பிற்சேர்க்கை எனப் பிரித்துக் காட்டிய ஆய்வுமுறையை எள்ளி நகையாடுவதே அவருடைய நோக்கம். அம்முறையை அப்படியே ஹோம்ஸ் கதைகளுக்குப் பிரயோகித்து, பிற்காலக் கதைகளை எழுதியவர் ‘இரண்டாம் வொட்சன்’ ஆவாரோ என்று ஐயுறும் கொள்கையையும், பொய்ப் பெயர் கொண்ட ஜேர்மானியப் பேராசிரியர்களையும் அவர் அவையிற் கொண்டுவந்து நிறுத்தினார். டொயில் அக்கட்டுரையைப் படித்து வியந்து அவருக்குக் கடிதம் எழுதினார். தமது கதைகளை ஒருவர் இத்துணை நுணுகிப் படிப்பார் என அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

கேலியாகத் தொடங்கியது விரைவில் மரபாகியது. விவிலியத்தில் ஏற்கப்பட்ட நூல்களின் தொகுதியைக் குறிக்கும் ‘கனன்’ என்னும் சொல் ஹோம்ஸ் கதைகளுக்கு உரியதாயிற்று. இன்று எந்தக் கதையுலகின் இரசிகரும் ஏற்புடைய மூலத்தொகுதியைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றனர். துப்பறியும் கதை எழுத்தாளரான டொரதி சேயர்ஸ் இந்த ஆட்டத்தை முழுக் கருத்தூன்றி ஆடவேண்டும் எனவும், மிகையோ கேலியோ தலைகாட்டின் ஆட்டம் குலைந்துவிடும் எனவும் கருதினார். ஜேம்ஸ் என்ற சிக்கலை அவிழ்த்தவரும் அவரே. வொட்சனுடைய நடுப்பெயரின் முதலெழுத்து ‘எச்’. அது ‘ஹேமிஷ்’ ஆகலாம். ஹேமிஷ் என்பது ஜேம்ஸ் என்பதன் ஸ்கொட்லாந்து வடிவத்தினின்றும் வந்தது. ஆதலின் மனைவி அழைத்தது சரியே என்பது அவர் வாதம். வாதம் அழகானது. ஆயின் அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. இந்த ஆட்டத்தில் வொட்சனே நூலாசிரியர். டொயில் அவருடைய பதிப்பு முகவர் மாத்திரமே. உழைத்து எழுதிய மனிதர் தமது நூலிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

கிறிஸ்தோபர் மோர்லி 1934இல் நியூயோர்க்கில் நிறுவிய பேக்கர் வீதி ஹோம்ஸ் அன்பர் சங்கமும், 1946இல் தொடங்கிய அதன் சஞ்சிகையும் இம்மரபைப் பேணின. 1947இல் ஜே பின்லி கிறைஸ்ட் என்பார் அறுபது கதைகளுக்கும் தனித்தனி நான்கெழுத்துக் குறியீடு வகுத்துக் கொடுத்தார். சிறிய காரியம் போலத் தோன்றினும், இரசிகர் எழுத்தில் மேற்கோள் காட்டும் ஒழுங்கு நிலைபெற இது துணைசெய்தது. ‘எங்கோ படித்தது’ என எழுதுவதற்கு இனி இடமில்லை. எந்தக் கதை என்று சுட்டியாகவேண்டும்.

கதையுலகினுள் நின்று எழுதுவதை அகநோக்கு எனவும், ஆக்கியோனையும் அவன் காலத்தையும் முன்வைத்து எழுதுவதைப் புறநோக்கு எனவும் கொண்டால், இவற்றிடையேயான இழுபறி தெளிவாகப் புலப்படும் இடம் ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகும். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதற்றொடரிலே கிளிங்கன் என்னும் வேற்றுக்கிரக இனத்தார் கருமை பூசிய மனிதர்களாகவே தோன்றினர். 1979இல் திரைப்படம் வந்தபோது அவர்களுடைய நெற்றியில் எலும்பு வரம்புகள் முளைத்திருந்தன. பணமும் ஒப்பனை வசதியும் கூடியதே காரணம். இரசிகர்களோ கதையினுள்ளே விடை தேடினர். 1996இல் வந்த அத்தியாயம் ஒன்றிலே கிளிங்கன் பாத்திரமொன்று, இதுபற்றி அயலாருடன் தாம் பேசுவதில்லை என்று சொல்லிச் சமாளித்தது. 2005இல் இரண்டு அத்தியாயங்கள், மரபணுவைப் பாதித்த ஒரு நோய்க்கிருமியே வரம்புகளை மறையச் செய்தது என விளக்கமளித்தன. ஒப்பனைச் செலவு இவ்வாறு ஒரு கொள்ளைநோயாக உருமாறியது! அகநோக்கினை மாத்திரம் கைக்கொள்ளும் கலைக்களஞ்சியம் நோயைப் பதிவுசெய்யும், செலவை மறைத்துவிடும். பொருளியற் காரணத்தை மறைக்கும் வரலாறு எத்தகையது என்பதை வரலாற்று மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை.

2003இல் தொடங்கப்பட்ட ‘மெமறி அல்பா’ என்னும் ஸ்டார் ட்ரெக் கலைக்களஞ்சியம் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே இவ்வரலாற்றின் மையப்பகுதி எனலாம். அதன் பெயரே 1969இல் ஒளிபரப்பான அத்தியாயமொன்றில் வரும் நூலகக் கோளின் பெயராகும். அங்கு எழுதுவோருக்கு விதிக்கப்பட்ட நெறிகளுள் முதன்மையானது, கட்டுரையின் உடற்பகுதி அகநோக்கில், இறந்தகாலத்தில் அமையவேண்டும் என்பது. எழுதுபவர் எல்லா நிகழ்வுகளும் முடிந்த பின்னர் வாழும் ஆவணக்காப்பாளர் போலத் தம்மைக் கருதிக்கொள்ள வேண்டும். இதற்குத் தக்க காரணமுண்டு. ‘இவர் கப்பலின் தலைவராக இருக்கிறார்’ என இன்று எழுதினால், அடுத்த அத்தியாயம் அதனைப் பொய்யாக்கிவிடலாம். ‘இருந்தார்’ என்பதோ என்றும் நிலைக்கும். திரையில் தோன்றியவற்றையே உடற்பகுதிக்கு ஆதாரமாகக் கொள்ளலாம். நாவல்களும் சித்திரக்கதைகளும் தனிப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. ஊகத்திற்கு இடமில்லை. திரையிற் பெயர் சொல்லப்படாதவருக்கு எழுதுபவர் பெயர் சூட்டலாகாது. பெயரறியாதோர் பட்டியலிலேயே அவர் இடம்பெறுவார். ஒவ்வொரு செய்திக்கும் எந்தத் தொடர், எந்த அத்தியாயம் என அடைப்புக்குறியிற் காட்டவேண்டும். கிறைஸ்ட் காட்டிய வழியின் தொடர்ச்சியை இங்கே காணலாம்.

இவை அனைத்தினும் மேலானது, பின்னணிக் குறிப்புகள் பற்றிய விதியாகும். நடிகர், எழுத்தாளர், ஒப்பனை, செலவு முதலிய புறநோக்குச் செய்திகள் உடற்பகுதியுட் கலவாமல் சாய்வெழுத்திலோ தனித் தலைப்பின் கீழோ அமையவேண்டும். நோய்க்கிருமி மேலே நிற்கும். ஒப்பனைச் செலவு கீழே நிற்கும். இரண்டும் வாசகனுக்குக் கிட்டும். நொக்ஸின் வழிவந்தோர் இந்தக் கோட்டை வேண்டுமென்றே அழித்து விளையாடினர்; அறிந்தோர் கூடிய சிறு அவையில் அது தகும். முன்பின் அறியாதோர் வந்து படிக்கும் களஞ்சியத்திற்கு அது தகாது.

பொதுக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா இதற்கு நேரெதிரான நெறியை வகுத்தது. புனைகதை பற்றிய கட்டுரை புறநோக்கிலேயே அமையவேண்டும். கதைச்சுருக்கம் நிகழ்காலத்தில் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. நூலைத் திறக்குந்தோறும் கதை மீண்டும் நிகழ்கின்றது என்பது அதன் அடிப்படை. சிறுபாத்திரங்கள் பற்றிய விரிவான கட்டுரைகளுக்கு அங்கு இடம் குறையவே, அவற்றை எழுதுவோர் தனிக் களஞ்சியங்களை நாடினர். ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படங்களுக்கென 2005இல் தோன்றிய ‘வூக்கிபீடியா’ அவற்றுட் புகழ்பெற்றது. அதுவும் அகநோக்கையும் இறந்தகாலத்தையும் கைக்கொண்டது. மெமறி அல்பா விலக்கிய நாவல்களையும் சித்திரக்கதைகளையும் அது உடற்பகுதியிலேயே ஏற்றது.

ஆகவே 2014 ஏப்ரல் 25ஆம் திகதி வந்த அறிவித்தல் அதனைப் பெரிதும் தாக்கியது. உரிமையாளரான லூகாஸ்பிலிம் நிறுவனம், புதிய திரைப்படங்களுக்கு வழிவிடும்பொருட்டு, அதுவரை வெளிவந்த நாவல்களையும் சித்திரக்கதைகளையும் ‘பழங்கதைகள்’ எனப் பெயரிட்டு மூலத்தொகுதியிலிருந்து நீக்கியது. பல்லாண்டுக் கால வாசிப்பு ஒரே நாளில் நடவாததாயிற்று. 1999இல் வெளிவந்த நாவலொன்றிலே சூபக்கா என்னும் பாத்திரம் இறந்திருந்தது. 2015இல் வந்த திரைப்படத்திலோ அது உயிருடன் நடமாடியது. உரிமையாளருக்குப் பணிந்து பழையதை அழிப்பதா, அன்றேல் உரிமையாளரை மறுத்துப் பழையதையே நிலைநிறுத்துவதா என்ற வினா எழுந்தது. வூக்கிபீடியர் இரண்டையும் செய்யவில்லை. இரு மரபுகளிலும் இடம்பெற்ற பாத்திரங்களுக்கு இரண்டு பக்கங்கள் அமைத்து, எந்தப் பக்கம் எத்தொகுதிக்குரியது என்பதை அதன் தலையிலே குறித்தனர். மூலத்தைச் சுட்டி எழுதும் பழக்கம் முன்னரே வேரூன்றியிருந்தமையால், எது திரைப்படத்தின் கூற்று, எது நாவலின் கூற்று எனப் பிரிப்பது இயல்வதாயிற்று. நொக்ஸ் கேலிசெய்த அதே பகுப்புமுறை இங்கே கேலியின்றிப் பயன்பட்டது.

டிமதி சான் 1991இல் எழுதிய நாவலில் அறிமுகமான திரோன் என்னும் கடற்படைத் தலைவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் நீக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். இரசிகரிடையே அவருக்கிருந்த செல்வாக்கினால் 2016இல் தொலைக்காட்சித் தொடரொன்றின் வழியாக மீண்டும் மூலத்தொகுதியுட் புகுந்தார். அவருக்கும் இன்று இரண்டு பக்கங்கள் உள்ளன. ஒன்றிலே, 1993இல் வெளிவந்த நாவலின்படி, தம் மெய்க்காவலனாலேயே குத்துண்டு இறக்கின்றார். மற்றதிலே அம்மரணம் நிகழவில்லை. ஆயினும் இரு பக்கங்களிலும் அவருடைய வாழ்க்கை இறந்தகாலத்திலேயே எழுதப்பட்டுள்ளது.