நம்பிக்கைக்கு எத்தனை மாடி?

கையில் இருக்கும் பணத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து வைப்போமா? மாட்டோம். ஆனால் வங்கியில் போட்டு வைக்கிறோம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? சட்டம் ஒரு காரணம். கட்டடமும் ஒரு காரணம். இதை வங்கிகள் நன்றாகவே அறிந்திருந்தன. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேசில் நின்று அண்ணாந்து பார்த்தால், அந்த வரலாறு மாடி மாடியாகத் தெரியும்.

வானளாவிய கட்டடங்கள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வட்டாரத்தில் கடன் தொழில் நடந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர்கள் ‘செட்டித் தெரு’ என்றே அழைத்தார்கள். அங்கிருந்த கிட்டங்கிகளில் நகரத்தார் தொழில் நடத்தினர். நீண்ட கடைவீட்டுக் கூடம். தரையில் ஆளுக்கொரு சிறு மேசை, ஒரு மரப்பெட்டி. ஒரே கூரையின் கீழ்ப் பல விலாசங்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பணி முறை இருந்தது. பகலில் அலுவலகமாக இருந்த இடமே இரவில் படுக்கும் இடம்.

அங்கே பளிங்குத் தூண் இல்லை, பெரிய வாசல் இல்லை. கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்தது ஆள் அறிமுகமும் நாணயமும்தான். வணிகர்கள் தொடங்கி ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டம் வரை அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. வட்டிச் சுமை குறித்து மனக்குறைகளும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை.

பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டும் வங்கியின் நிலை வேறு. வாடிக்கையாளருக்கு அதன் முதலாளியைத் தெரியாது. அவருக்குத் தெரிந்த முகம் கட்டடம் ஒன்றுதான். அந்த முகம் உறுதியாக இருக்க வேண்டும்.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1932இல், மூன்று சீன வங்கிகள் ஒன்றாக இணைந்து ஓசிபிசி வங்கி உருவானது. தனித்தனியே நின்றால் தாங்காது என்ற அச்சம் நிலவிய காலம் அது. போர் முடிந்த பிறகு முகங்கள் உயரத் தொடங்கின. 1954இல் பேட்டரி ரோட்டில் பேங்க் ஆஃப் சைனா 18 மாடிக் கட்டடத்தை எழுப்பியது. வடிவமைத்தது பால்மர் அண்ட் டர்னர் நிறுவனம். நேர்க்கோடுகள் கொண்ட நவீன வடிவம். ஆனால் வாசலில் காவலுக்குக் கல் சிங்கங்கள். மேற்கத்திய உடலுக்குக் கீழைத்தேயக் காவல் என்று சொல்லலாம்.

அதே 1954இல் இன்னொரு நிகழ்வும் நடந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். கிட்டங்கி மரபிலிருந்து நவீன வங்கிக்கு வந்தவர் அவர். சென்னை மவுண்ட் ரோட்டில் தம் காப்புறுதி நிறுவனத்துக்காக அவர் எண்ணிய உயர்ந்த கட்டடம், காப்புறுதித் துறை அரசுடைமையான பிறகு, 1959இல் எல்ஐசி கட்டடமாகத் திறக்கப்பட்டது. உயரக் கட்டும் எண்ணம் நகரத்தாருக்கும் இருந்தது. அது நிறைவேறிய இடம் சென்னை.

சிங்கப்பூரின் வானத்தை மாற்றியது 1976இல் சூலியா ஸ்திரீட்டில் எழுந்த ஓசிபிசி நிலையம். 52 மாடிகள். ஏறத்தாழ 198 மீட்டர். அப்போது நாட்டிலேயே உயரமான கட்டடம். வடிவமைத்தவர் ஐ.எம். பெய். அவருடைய தந்தையும் ஒரு வங்கியாளரே. இரு பக்கமும் அரைவட்ட வடிவில் இரண்டு கான்கிரீட் தூண்கள். அவற்றுக்கு இடையே மூன்று அடுக்குகளாக மாடிகள். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனி உத்தரங்கள் தாங்குகின்றன. அதனால் மூன்று அடுக்குகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடத்த முடிந்தது. வெளியே பொத்தான்கள்போலத் துருத்தி நிற்கும் சன்னல்களைப் பார்த்து மக்கள் அதற்குக் ‘கால்குலேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். வங்கிக்கு இதைவிடப் பொருத்தமான பட்டப்பெயர் கிடைக்குமா!

அந்தக் கட்டடத்தின் முகவரியைக் கவனியுங்கள். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களைக் குறித்த சொல். ‘கிளிங் ஸ்திரீட்’ என்று இருந்த பெயர் இழிவாகக் கருதப்பட்டதால் 1921இல் சூலியா ஸ்திரீட் ஆனது. சீன வங்கியின் தலைமையகம் தமிழ் மண்ணை நினைவூட்டும் தெருவில் நிற்கிறது.

அதன்பின் உயரப் போட்டி வந்தது. ஓயுபி நிலையம் 1986இல் 280 மீட்டர். யுஓபி பிளாசா 1992இல் 280 மீட்டர். இரண்டையும் வடிவமைத்தவர் ஜப்பானியரான கென்சோ டாங்கே. ஏன் இரண்டும் ஒரே உயரம்? விமானப் பாதைக்காக விதிக்கப்பட்ட உச்சவரம்பு அது. போட்டி போட்ட வங்கிகளில் ஒன்றான ஓயுபி, 2001இல் யுஓபியுடன் இணைந்து மறைந்தது. அதன் கோபுரம் இன்று ‘ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ்’ என்ற பெயரில் நிற்கிறது. என்றும் நிலைப்போம் என்று சொல்ல வங்கி கட்டிய கட்டடம், வங்கியைவிட அதிக காலம் வாழ்கிறது.

கிட்டங்கிகள்? 1970களின் நகர மறுசீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட்டின் பழைய கடைவீடுகள் போயின. அதே தெருவில் 2021இல் கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டது. அதுவும் 280 மீட்டர்தான்.

பழைமை அனைத்தையும் காக்க முடியாது. சிறிய நாட்டில் நிலம் அரிது. ஆனாலும் எதைக் காப்பது என்று முடிவெடுக்கும்போது, கண்ணில் படும் கம்பீரம் எளிதில் வென்றுவிடுகிறது. கல் சிங்கத்தைக் காக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். தரையில் வைத்த மரப்பெட்டியைக் காக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

நகரத்தார் 1859இல் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம், புதிய வடிவில் இன்றும் இருக்கிறது. தெருப் பெயர்கள் இருக்கின்றன. கிட்டங்கியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டில் பழைய கணக்கேடோ, கைப்பெட்டியோ, ஒரு புகைப்படமோ இருந்தால் அதைப் பழைய சாமான் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாடி இல்லாத நம்பிக்கைக்கு மிச்சமிருக்கும் சாட்சி அதுதான்.