ஒருவர் இடத்தில் இருவர்

திண்டுக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ராஜபார்ட் மாறுவது ஒரு செய்தியே அல்ல. ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். அன்று சாயங்காலம்தான் முதல்முறை சந்தித்தவர்கள்கூட இரவு பத்து மணிக்கு மேடையேறி, விடியும்வரை தர்க்கம் பாடி முடித்துவிடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் தந்துவிட்டுப் போன பாடம் எல்லோருக்கும் பொது. யார் வந்தாலும் நாடகம் நடக்கும்.

ராக் குழுவுக்கு அந்த வசதி இல்லை. நாலைந்து பேர் ஓர் அறையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து உண்டாக்கும் பாட்டு, அந்த நாலைந்து பேருக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை. பாடகர் போய்விட்டால் அது வேறொருவர் தோளில் நிற்காது. ஏசி/டிசி ராக் குழு, 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட்டை இழந்து, பிரையன் ஜான்சனை அழைத்துவந்து, ஜூலையிலேயே 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை வெளியிட்டது. டெல்லியின் இந்தியன் ஓஷன் அப்படி ஓடவில்லை. எனக்கு அந்த நிதானம்தான் பெரிதாகப் படுகிறது.

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும் 1990இல் தொடங்கிய குழு அது. பிறகு பேஸ் கிதாருடன் ராகுல் ராம் வந்தார், டிரம்ஸுக்கு அமித் கிலம். கேரளத்து சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலை எடுத்தாண்ட 'கந்தீசா' (2000) அவர்களை நாடறியச் செய்தது. அசீம் சம்மணமிட்டு உட்கார்ந்து தபலா வாசித்தபடியே பாடுவார். தாளமும் குரலும் ஒரே உடம்பிலிருந்து வந்தன. ஆகவே 2009 டிசம்பர் 25 அன்று மாரடைப்பு அவரைக் கொண்டுபோனபோது, குழு இழந்தது பாடகரை மட்டுமல்ல.

அடுத்து வந்த ஆல்பத்தில் அவர்கள் புதிய குரல் எதையும் முன்னிறுத்தவில்லை. அசீம் பாடி வைத்திருந்த பாட்டுகளையே 2010இல் மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். '16/330 கஜூர் ரோடு' என்பது அதன் பெயர். கரோல் பாகில் அவர்கள் ஒத்திகை பார்த்துவந்த பழைய வீட்டின் முகவரி அது. இறந்தவருக்குச் செய்யவேண்டியதை முதலில் செய்தார்கள்.

அசீமின் இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி. அசீமைப் போலவே பாடும், வாசிக்கும் ஒருவரைத் தேடியிருந்தால் நகல்தான் கிடைத்திருக்கும். அந்த வேலையையே பிரித்துக் கொடுத்ததால் ஹிமான்ஷுவுக்குத் தன் குரலில் பாட இடம் கிடைத்தது. இதற்கிடையே 2013இல் சுஷ்மித் சென்னும் விலக, நிகில் ராவ் கிதார் எடுத்தார்.

2014இல் வெளியான 'தண்டனு'தான் புதிய அணியின் முதல் ஸ்டூடியோ ஆல்பம். அது வந்தபோது, தொடங்கிவைத்த இருவருமே குழுவில் இல்லை. ஏழு பாட்டு, ஏழு விருந்தாளிகள்: சுபா முத்கல், சங்கர் மகாதேவன், விஸ்வமோகன் பட், விஷால் தத்லானி, கர்ஷ் காலே, வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ். இந்தச் செல்வகணேஷ்தான் பழனிப் பக்கத்துக் கிராமக் கதையான 'வெண்ணிலா கபடி குழு'வுக்கு (2009) இசையமைத்தவர். விருந்தாளிகள் இத்தனை பேர் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பழைய குரலோடு புதிய குரலை எடைபோடத் துடிக்கும் காதுகளுக்கு நடுவே, புதியவர்கள் பதற்றமில்லாமல் வேர்பிடிக்க அது அவகாசம் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

ஒன்பது ஆண்டு கழித்து, 2023இல், 'தூ ஹை' வந்தது. ராகுல் ராம், அமித் கிலம், ஹிமான்ஷு, துஹீன், நிகில் என்று அதிலும் அதே ஐவர்தான்.