மெமரி கார்டு காலத்துக் கடைகள்

போனில் ஒரு படம் சேமிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா’ என்று போனை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தெரியாதது அவர்கள் குற்றமல்ல. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’, ‘கோப்பைச் சேமிக்க முடியவில்லை’, ‘எஸ்டி கார்டு பழுதடைந்துள்ளது’ என்று திரையில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. எங்கோ யாரோ எடுத்த ஒரு முடிவு, பத்து இருபது ஆண்டு கழித்துப் புதுச்சேரி சாரத்தில் ஒரு செல்போன் கடையின் மேசைக்கு வந்து சேர்கிறது. அதை அவிழ்த்துக் கொடுக்கிறவர் அந்தக் கடைக்காரர். இந்தத் தொழிலின் வரலாற்றை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

சாரம், பிரெஞ்சுக் காலத்து நகரின் புல்வார் வட்டத்துக்கு வெளியே வடமேற்கில் இருக்கிறது. ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களைப் படமெடுக்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு. இங்கே கடைக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த வாரமும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். கார்டிலிருந்து போன கல்யாண போட்டோவை மீட்டுத் தர முடியுமா, முடியாதா என்று இங்குள்ள கடைக்காரர் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

தொழிலுக்குச் செல்போனைவிட வயது அதிகம். 1980களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ரெக்கார்டிங் சென்டர் இல்லாத ஊர் குறைவு. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவார்கள். 60 நிமிடமோ 90 நிமிடமோ கேசட் வாங்கிக் கொடுப்பார்கள். கடைக்காரர் எல்பி ரெக்கார்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து சில நாளில் தருவார். 90 நிமிட கேசட்டுக்குப் பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகாமல் கணக்குப் போடுவதில்தான் ஒரு சென்டரின் பெயர் நின்றது. கேசட்டின் முதுகு விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையின்மேல் செலோடேப் ஒட்டிப் பதிந்துகொள்ளலாம். மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டரின் ஓரத்தில் இன்றும் இருக்கிற ‘லாக்’ பித்தானுக்கும் அதே வேலைதான். ‘ரைட் புரொடெக்டட்’ என்று கணினி மறுத்தால் அனுபவசாலி முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு. டெல்லியில் எடுத்தவர் மத்திய அமைச்சர் சுக்ராம். 2003இல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றான பிறகுதான் போன் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு வந்த நோக்கியா 1100இல் சேமிக்க எண்களும் குறுஞ்செய்திகளும் மட்டுமே. சிம்மில் பெயருக்கு ஒதுக்கிய இடம் சில எழுத்துகள்தான் என்பதால் ‘முருகன் எலக்ட்ரீஷியன்’ பாதியிலேயே நின்றுவிடுவார். இன்பாக்ஸ் நிரம்பினால் திரையில் ஒரு கடித உறை மினுக்கிக்கொண்டே இருக்கும். பழையதில் ஒன்றை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். எதை அழிப்பது என்று மக்கள் முதன்முதலாகத் தவித்தது அந்த உறையின் முன்னால்தான்.

கார்டு வந்ததும் காட்சி மாறியது. ஜப்பானில் தோஷிபா பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1984இல் முன்வைத்த ஃபிளாஷ் நினைவகம், இருபது ஆண்டுகளில் விரல் நகத்தளவுக்குச் சுருங்கியிருந்தது. நோக்கியா 6600இல் உள்நினைவகம் 6 எம்பி. கூடவே 32 எம்பி கார்டு ஒன்று தந்தார்கள். 2004இல் சான்டிஸ்க் அறிமுகப்படுத்திய டிரான்ஸ்ஃபிளாஷ், மறு ஆண்டே மைக்ரோ எஸ்டி என்ற பெயரில் தரநிலையானது. நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11, தடிமன் 1.

அந்த நகத்தளவுக்குள் 1 ஜிபி அடங்கிய நாளில் ரெக்கார்டிங் சென்டர் வேறு உருவில் திரும்பி வந்தது. கணினி ஒன்று, கார்டு ரீடர் ஒன்று, ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று ஒரு அட்டை. இளையராஜா ஹிட்ஸ், எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள், அம்மன் பாட்டு, மாதா பாட்டு, கானா என்று கடைக் கணினியில் கோப்புறைகள் அடுக்கியிருக்கும். எம்பி3 பாட்டு ஒன்று நாலைந்து எம்பி என்றால் 1 ஜிபிக்கு இருநூறு பாட்டு சாதாரணமாகக் கொள்ளும். பட்டியல் எழுதுகிற வேலை போய், ‘எல்லாத்தையும் ஏத்திடுங்கண்ணா’ என்றானது. உரிமை வாங்காத நகல்கள் அவை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் இணையம் வீட்டுக்கு வராத காலத்தில் ஒரு தலைமுறை கோப்பு, கோப்புறை, காப்பி, பேஸ்ட், டெலிட் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டது இந்த மேசைகளில்தான். பள்ளிப் பாடத்தைவிட அது நன்றாக மனதில் பதிந்தது.

பாட்டோடு வைரசும் ஏறியது. ஒரே ரீடரில் நாள் முழுக்க ஊர்க் கார்டுகளைச் செருகி எடுத்தால் வேறென்ன ஆகும்? மிகவும் படுத்தியது ஷார்ட்கட் வைரஸ். அது கோப்புறைகளை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்துவிடும். கார்டில் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டும். திறந்தால் அந்த ஷார்ட்கட்டுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. எல்லாம் அழிந்துவிட்டது என்று அழுதவர்கள் உண்டு. ஒன்றும் அழியவில்லை. கறுப்புத் திரையில் ‘அட்ரிப்’ என்ற பழைய டாஸ் கட்டளையை அடித்து, மறைப்பு அடையாளத்தை நீக்கினால் அத்தனையும் எழுந்து வரும். கணினிப் பட்டம் படிக்காத பல கடைப் பையன்கள் அந்த ஒற்றை வரியை, அதன் கோடும் சாய்கோடும் பிசகாமல், மனப்பாடமாக அடித்தார்கள். மரியாதைக்குரிய கைத்திறன் அது.

போலிக் கார்டு இன்னும் கொடுமை. உள்ளே இருப்பது 2 ஜிபி சிப். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு மட்டும் ‘நான் 32 ஜிபி’ என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். முதல் 2 ஜிபி வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்குமேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன்மேலேயே விழும். கேலரியில் பெயர் இருக்கும், தொட்டால் சாம்பல் நிறக் கட்டம் வரும். ஜெர்மனியின் ‘சி-டி’ கணினி இதழ் இலவசமாகத் தந்த ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். நல்ல கடைக்காரர்கள் கார்டை விற்பதற்கு முன்பே அதை ஓட்டிப் பார்த்தார்கள்.

அசல் கார்டும் கிழடாகும். ஃபிளாஷ் செல்லில் எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அது தீர்ந்ததும் பல கார்டுகள் படிக்க மட்டும் அனுமதித்து, எழுத மறுக்கும். அப்போது ஒரு விசித்திரம் நடக்கும்: படத்தை அழித்தால் அழிந்ததாகக் காட்டும், கார்டை எடுத்துப் போட்டால் திரும்ப அங்கேயே நிற்கும். ஃபார்மட் செய்தாலும் அப்படித்தான். இதைப் போனின் கோளாறு என்று நினைத்துப் போனையே மாற்றியவர்கள் உண்டு. உள்ளதை வேறிடத்துக்கு எடுத்து வைத்துவிட்டுக் கார்டை மாற்றுவதுதான் வழி.

இன்னொரு தொல்லைக்கு வயது இன்னும் அதிகம். கார்டில் 20 ஜிபி காலியாக இருக்கும். ஆனால் 5 ஜிபி சினிமாப் படம் ஒன்று ஏறாது. 1977இல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்டு நெகிழ்வட்டுக்காக எழுதிய ‘ஃபேட்’ என்ற கோப்பு முறைதான் இதற்கு மூலம். அதன் வாரிசான ஃபேட்32, 1996இல் வந்தது. ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கியது. அதனால் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான கோப்புதான் அதிகபட்சம். வரம்பை உடைக்க 2006இல் எக்ஸ்ஃபேட் வந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் அதோடுதான் விற்பனைக்கு வந்தன. ஆனால் எக்ஸ்ஃபேட் காப்புரிமையில் கட்டுண்டு கிடந்தது. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது 2019இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய 64 ஜிபி கார்டைப் பழைய போனில் போட்டவர்களுக்கு ‘கார்டு வெறுமையாக உள்ளது, ஃபார்மட் செய்யவா?’ என்ற கேள்வி வந்தது. பயந்துபோய் ‘ஆமாம்’ என்று அழுத்தியவர்கள் கார்டில் இருந்ததை இழந்தார்கள்.

ஆண்ட்ராய்டு வந்தபோது உள்நினைவகமே நெருக்கடியானது. 2011இல் வந்து இந்தியாவெங்கும் விற்ற சாம்சங் கேலக்ஸி ஒய்யில் பயனருக்கு மிஞ்சியது சுமார் 180 எம்பி. ஒரு செயலியை ஏற்ற இன்னொன்றை இறக்க வேண்டும். 2010இன் ஆண்ட்ராய்டு 2.2 செயலிகளைக் கார்டுக்கு நகர்த்த வழி தந்தது. 2013இன் ஆண்ட்ராய்டு கிட்கேட் எதிர்த்திசையில் போய், வெளியிலிருந்து ஏற்றிய செயலிகள் கார்டில் தங்கள் கோப்புறைக்கு வெளியே எழுதுவதைத் தடுத்தது. பாதுகாப்புக்குத்தான். ஆனால் நேற்றுவரை சேமித்த கோப்பு இன்று ஏன் சேமிக்கவில்லை என்று அறிவிப்பில்லாமல் திணறியவர்களுக்கு அந்த நியாயம் போய்ச் சேரவில்லை. ஆண்ட்ராய்டு 11இன் புதிய விதிகளுக்கேற்ப 2021 வாக்கில் வாட்ஸ்அப் தன் கோப்புறையை ‘ஆண்ட்ராய்டு – மீடியா’வுக்குள் மாற்றிக்கொண்டபோதும் இதே கலக்கம்தான். படங்கள் எங்கும் போகவில்லை, வீடு மாறியிருந்தன.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. பூவும் விளக்கும் சூரியனும் போட்ட ‘காலை வணக்கம்’ படங்கள் தினமும் தானாக இறங்கி இந்தியப் போன்களை நிரப்புவதை 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாக்கியது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் மூவரில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறது என்ற ஆய்வும் அதில் வந்தது; அமெரிக்காவில் அது பத்தில் ஒருவர். அதற்கு முந்தைய டிசம்பரில் கூகுள் டெல்லியில் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ செயலி, இந்த வணக்கப் படங்களைத் தேடிப்பிடித்து மொத்தமாக அழிக்கக் கற்றிருந்தது. 2020இன் ஊரடங்கில் அப்பாவின் போன் பிள்ளையின் வகுப்பறையானபோது பாட பிடிஎஃப்களும் காணொளிகளும் மீதி இடத்தையும் எடுத்துக்கொண்டன.

போனதை மீட்பதில்தான் கடைக்காரரின் உண்மையான திறமை தெரியும். ஃபேட் முறையில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றி எழுதப்பட்டு, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். படம் அங்கேயே கிடக்கும், வேறொன்று மேலே எழுதப்படும் வரை. அதனால்தான் அவர்கள் முதலில் சொல்வது, ‘இனிமே இந்தக் கார்டுல ஒரு போட்டோகூட எடுக்காதீங்கக்கா.’ இந்த வேலைக்கு உலகமெங்கும் பயன்படும் ஃபோட்டோரெக் நிரலை இலவசமாக எழுதித் தந்தவர் பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே. பெயர்ப் பட்டியலை நம்பாமல், ஜேபெக் படங்கள் தொடங்கும் பைட் வரிசையைக் கார்டு முழுக்கத் தேடி அது படங்களை அள்ளி எடுக்கும். பெயரும் தேதியும் போய்விடும்; முகங்கள் கிடைக்கும்.

புதுச்சேரியில் படம் தொலையாமலும் கெடாமலும் காப்பதற்குக் கூடுதல் அவசியம் உண்டு. பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் குடும்பங்கள் இங்கும் பிரான்சிலுமாகப் பரவியிருக்கின்றன. தாத்தாவின் பிறப்புப் பதிவு, பாட்டியின் திருமணப் பதிவு எல்லாம் அந்த வீடுகளில் நகையைவிடப் பத்திரமாக இருக்கும். அவற்றைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி முத்திரையின் எழுத்துகள் மங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் அசல் அளவிலேயே போகும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாலே ஒரு குடும்பத்தின் அலைச்சல் குறையும்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கும் ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டின் உள்நினைவகத்தில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘கோ’ என்பதே இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆக 85 குறியீட்டோடு தமிழ்ப் பெயர் முடிந்துவிடும். கட்டுரைத் தலைப்பை அப்படியே பெயராக வைத்துச் சேமிக்கப் போகிறவர், காரணம் சொல்லாத ‘சேமிக்க முடியவில்லை’யோடு திரும்புகிறார். பெயரைச் சுருக்கினால் உடனே சேமிக்கும்.

இப்போது கார்டு போடும் துளையே பல போன்களில் இல்லை. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. 15 ஜிபிக்கு மேல் மாதக் கட்டணம். கடையின் கார்டு ரீடர் இருந்த இடத்தில் மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏர் கன்னும் வந்திருக்கின்றன. நினைவகச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. உள்ளே உள்ளதெல்லாம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து பூட்டப்பட்டிருக்கிறது. சில்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தாலும் படிக்க முடியாது. செத்த போனை ஒரு மணி நேரமாவது உயிர்ப்பித்துத் திரையைத் திறக்க வேண்டும். ஆகவே தண்ணீரில் விழுந்த போனோடு ஓடி வருகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் கேள்விகள் இரண்டு: பேட்டர்ன் தெரியுமா, பேக்கப் போட்டிருந்தீங்களா.