வண்டலூர் இன்ஜினுக்கு ஒரு சீமைத் தம்பி

இரண்டு நாளாக ஜவ்வாது மலையில் விடாத மழை. ஜமுனாமரத்தூரில் சிக்னல் கிடைத்த நேரத்தில் இதைப் போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் போன மாதம் போன் செய்தான். "சார், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜினை இறக்கிட்டேன். நம்ம பக்கம் யாருக்கும் இது தெரியாது, பயமா இருக்கு சார்." ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்குக்குப் பயந்த அதே குரல்!

"நம்ம வண்டலூர் ஹெரால்டுக்குத் தம்பிடா அது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

1950களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. காரை உள்நாட்டிலேயே செய்யத் திட்டமில்லாத கம்பெனிக்கு இங்கே வேலையில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கல்கத்தா பக்கம் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்ட் என்று கார் கம்பெனிகள் நிலைத்தன. 1961இல் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. 948 சிசி, நான்கு சிலிண்டர். பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், மெக்கானிக்குகளுக்குக் கொண்டாட்டம்.

1962இல் இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்த இரண்டு பேர் கார்தான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இன்ஜினும் ஒரே குடும்பம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 76 மி.மீ. சிலிண்டர் விட்டம் ஹெரால்டில் 63, முதல் ஸ்பிட்ஃபயரில் 69.3. அந்த ஆறு மி.மீ. சொச்சத்தில் 948 சிசி, 1147 ஆகிவிட்டது. (உருளையின் கன அளவுதான். என்னிடம் கொட்டு வாங்கியவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்கவும்.)

ஹெரால்டைச் சாதுவான குடும்பக் கார் என்று நினைக்காதீர்கள். சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த நாட்களில், இறக்குமதிக்கு வழியில்லாதவர்கள் ஹெரால்டையும் ஃபியட்டையும்தான் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரை மாற்றி ஓட்டினார்கள். அந்த வேலையெல்லாம் நம்ம ஊர் லேத்துகளில் நடந்தது.

சரி, மாணவன் கதை. சென்னையில் முப்பது வருடம் ஹெரால்டு பார்த்த என் அக்கா வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன். மாமாவுக்கு 78 வயது. பையன் போர் போடும் அளவையே பேசிக்கொண்டிருந்தான். மாமா கேட்டது ஒன்றுதான். "தம்பி, கிராங்க் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுது?"

அந்தக் குடும்பத்து இன்ஜினின் வியாதி அது. பின் பக்கத்து மெயின் பேரிங்கில் அரை நிலா வடிவில் இரண்டு வாஷர்கள் உண்டு. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளும், அந்த வாஷர்தான் தாங்கும். அது தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். பிறகு புது பிஸ்டன் போட்டு என்ன பயன்? பையன் சம்ப்பைத் துழாவினான். ஒரு வாஷர் அங்கேதான் கிடந்தது. நல்லவேளை, பிளாக்கில் கீறல் மட்டும்தான். ஓவர்சைஸ் வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்றார் மாமா.

வண்டலூர் கம்பெனியின் முடிவு வருத்தமானது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று புதுக் கார் விட்டார்கள். மேலே ரோவர் கம்பெனியின் புது உடம்பு, உள்ளே வேன்கார்டு காலத்து இன்ஜின். எனக்கென்னவோ அங்கேதான் தப்பு நடந்தது என்று தோன்றுகிறது. 1988இல் உற்பத்தி நின்றது.

தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள் மாமா என்றேன். "கையில இருக்கிறதை எப்படிப்பா எழுதறது?" என்கிறார். வியாழக்கிழமை கிராங்க்கை உட்கார வைக்கிறார்கள். பையன் போளூர் வரை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் நோட்டோடு மாமாவுடன் போகிறேன். வண்டலூரில் வேலை பார்த்த உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கீழே எழுதுங்கள்.