வைஸ்ராய் விழுந்த ஜெட்டி

போன சனிக்கிழமை பிள்ளைகளோடு ஸ்டோன்ஹேவன் துறைமுகத்துக்குப் போயிருந்தோம். நாங்கள் இருக்கும் அபர்தீனில் இருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். (ஸ்காட்லாந்து அபர்தீனுங்க. நான் வளர்ந்தது போர்ட் பிளேரில், அபர்தீன் பஜார் பக்கம். ஒரு அபர்தீனை விட்டு இன்னொரு அபர்தீனில் குப்பை கொட்டுகிறேன் :-))

கல் பாலத்தின் மேல் நடக்கும்போது சின்னவள் கேட்டாள்: "அப்பா, உங்க ஊர்லயும் இது மாதிரி இருக்கா?"

எங்க ஊரில் இதற்குப் பெயர் ஜெட்டி. தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லோருக்கும் ஜெட்டிதான். மதுரையில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீங்களும் சிரித்து முடித்துவிடுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். காடும் கடலும்தான், சாலை கிடையாது. அதிகாரிகள் ராஸ் தீவில், கைதிகள் வைப்பர், ஹாடோ, ஹோப்டவுன் என்று சிதறி. அரிசியோ ஆளோ, எல்லாம் படகில்தான் போகணும். கரையோரம் ஆழம் கிடையாது, வற்றம் வந்தால் படகு தரைதட்டும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் கரையில் இருந்து தண்ணீருக்குள் ஒரு துறையை நீட்டி, நுனியில் படிக்கட்டு வைக்கணும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஆளுயரத்துக்கு மேல் வித்தியாசம் வரும், எந்தப் படியில் இறங்குவது என்பதைக் கடல் முடிவு செய்யும். கட்டியது கைதிகள். பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

1872 பிப்ரவரி 8. வைஸ்ராய் மேயோ பிரபு கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட வந்திருந்தார். சாயங்காலம் திடீரென்று ஹாரியட் மலை ஏறிப் பார்க்க ஆசை. நோயாளிகளுக்கு ஆரோக்கிய நிலையம் அமைக்க அந்த இடம் சரிப்படுமா என்று பார்க்கணுமாம். இறங்கி ஹோப்டவுன் ஜெட்டிக்கு வரும்போது இருட்டிவிட்டது. தீவட்டி வெளிச்சம், சுற்றிலும் காவல். ஆனால் ஜெட்டி குறுகல், கூட்டமாகப் போக முடியாது. படிக்கட்டில் இறங்கி லாஞ்ச் ஏற மேயோ வேகமாக முன்னால் போனார். ஷேர் அலி பாய்ந்து முதுகில் கத்தியை இறக்கினான். மேயோ ஜெட்டியில் இருந்து முழங்கால் தண்ணீரில் விழுந்தார். தூக்கிப் பக்கத்தில் நின்ற ஒரு கட்டை வண்டியில் கிடத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. அவர் மனைவி 'கிளாஸ்கோ' கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்.

பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் அவர்தான். ஷேர் அலி கைபர் பக்கத்துப் பட்டாணியன், ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று வந்தவன், ஹோப்டவுனில் நாவிதன் வேலை. மார்ச் 11ஆம் தேதி வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். மேயோ பெயரில் அஜ்மீரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. கொன்றவன் பெயரும் எல்லோருக்கும் தெரியும். கல் சுமந்தவர்கள்? சென்னை ராஜதானியில் இருந்தும்தான் கைதிகளை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

என் தாத்தா ஐம்பதுகளில் மதராஸ் கப்பலில் வந்து சாத்தம் ஜெட்டியில் இறங்கியவர். கைதி இல்லை, கூலி. கல் உடைக்கிற வேலை. இருந்தாலும் ஊரில் ஆத்தா "காலாபானிக்குப் போயிட்டான்" என்று அழுதாளாம். பழைய சுவரைத் தட்டிப் பார்த்தே "இது வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புடா" என்பார். அவர் வெள்ளைக்காரன் காலம் என்று சொன்னது கைதிகள் காலத்தை.

2004 பூகம்பத்தில் போர்ட் பிளேர் பக்கம் நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சிப்பிகாட் வயல்களில் உப்புத்தண்ணீர் நின்றது. பெயர்களும் மாறிவிட்டன. 2018ல் ராஸ் தீவு நேதாஜி தீவானது, 2021ல் ஹாரியட் மலை மணிப்பூர் மலை, 2024ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம். மகளுக்குக் கதை சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பரில் டிக்கெட் போட்டாச்சு. சாத்தமில் ஃபெர்ரி ஏறினால் பம்பூ ஃப்ளாட், அங்கிருந்து ரோட்டில் பானிகாட், ஹோப்டவுன் பக்கம்தான். தாத்தா இப்போது இல்லை. சுவரைத் தட்டிப் பார்ப்பது என் வேலை, எனக்கு அந்தச் சத்தம் பிடிபடுமா என்று பார்க்கணும்.