பத்து மில்லிகிராம் மருந்து

தீவனத்தில் ஒரு மருந்து கலக்கச் சொன்னால் நாம் கேட்பது ரெண்டே கேள்விதான். மாடு எடை கூடுமா? காசு மிச்சமாகுமா? அமெரிக்காவிலும் அதைத்தான் கேட்டார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

அங்கே காயடித்த இளங்காளைகளை ஆயிரக்கணக்கில் பட்டியில் அடைத்து, மக்காச்சோளம் போட்டு இறைச்சிக்குக் கொழுக்க வைப்பார்கள். ‘பீட்லாட்’ என்று பெயர். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் என்பதில்தான் லாப நஷ்டமே இருக்கிறது.

1954-ல் அயோவா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த வைஸ் பர்ரோஸ் என்ற விஞ்ஞானி, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைத் தீவனத்தில் கலந்து காட்டினார். வாயில் நுழையாத பெயர், டி.இ.எஸ். என்றே சொல்வோம். மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம், அதாவது நாலைந்து கடுகு எடை! மாடு வேகமாக எடை போட்டது, தீவனச் செலவும் குறைந்தது. அந்த வருஷமே அரசு அனுமதியும் கிடைத்தது. விடுவார்களா? சில வருஷங்களில் பெரும்பாலான பட்டிகளில் புகுந்துவிட்டது. வெட்டுவதற்கு 48 மணி நேரம் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை.

புற்றுநோய் உண்டாக்கும் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. எலிகளுக்கு டி.இ.எஸ். புற்றுநோய் தந்தது தெரிந்த விஷயம். இருந்தும் 1962-ல் ஒரு சலுகை கொடுத்தார்கள்: இறைச்சியில் மிச்சம் தெரியாத வரை தீவனத்தில் கலக்கலாம். ‘தெரியாத வரை’ என்பதைக் கவனியுங்கள். சல்லடைக் கண் பெரிசாக இருந்தால் குருணையெல்லாம் கீழே போய்விடும், இல்லீங்களா? சோதனை முறைகள் நுட்பமாக ஆக ஆக, மாட்டு ஈரலில் மருந்து அகப்பட ஆரம்பித்தது.

1971-ல் போஸ்டன் டாக்டர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். கர்ப்பம் கலையாமலிருக்க இதே மருந்தைத் தாய்மார்களுக்குக் கொடுத்து வந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்குப் பருவ வயதில் அபூர்வமான புற்றுநோய். அந்தத் தாய்மார்கள் சாப்பிட்டது இறைச்சியில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு குறைந்தால் பயமில்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

1972-ல் தீவனத்தில் கலக்கத் தடை போட்டார்கள். காதுத் தோலுக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு 1973-ல் தடை. முறையாக விசாரிக்கவில்லை என்று 1974-ல் கோர்ட் ரெண்டையும் தள்ளிவிட்டது! மறுபடியும் கலந்தார்கள்.

இதற்கு நடுவில், 1975 கடைசியில் மோனென்சினுக்கு அனுமதி வந்தது. இது ஹார்மோன் இல்லை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுப்பது. மாட்டின் பெருவயிற்றில் வாயுவாக வீணாகிறதைக் குறைக்கும். மாடு கொஞ்சம் குறைவாகத் தின்னும், எடை குறையாது. ஆனால் அதே தீவனத்தைக் குதிரை தின்றால் இருதயம் கெட்டுச் செத்துப்போகும்.

இப்படி மாற்று கையில் இருந்தும் டி.இ.எஸ்.ஸை ஒரேயடியாக நிறுத்த 1979 ஆயிற்று. அதற்குப் பிறகும் பாருங்க, 1980-ல் சோதனை போட்டபோது, தடையை மீறி மாத்திரை வைத்த மாடுகள் லட்சக்கணக்கில் அகப்பட்டன.