விண்கலப் போர் விளையாட்டுகளில் சரக்கறையும் கதவும்

மேசைமேல் ஆடப்படும் விண்கலப் போர் விளையாட்டுகளில் ஆட்டக்காரரின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது கலத்தைக் கட்டும் கணக்கு. இயந்திரத்துக்கு எத்தனை டன், எரிபொருளுக்கு எத்தனை டன், ஆயுதத்துக்கு எத்தனை டன் என்று காகிதத்தில் எழுதிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஆயுதங்களுக்கான விதிகள் பொதுவாக விரிவாகவே எழுதப்பட்டிருக்கும். சரக்கறையைப் பற்றியும் அதன் கதவைப் பற்றியும் விதிநூல்கள் அதிகம் பேசுவதில்லை. விதி பேசாத இடத்தில் என்ன செய்யலாம் என்ற கேள்வி இவ்வகை விளையாட்டின் வரலாறு முழுதும் தொடர்ந்து வருகிறது.

இதற்கு நல்ல சான்று 'டிராவலர்'. மார்க் மில்லர் உருவாக்கிய இவ்விளையாட்டை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நார்மல் நகரில் இயங்கிய கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1977-இல் மூன்று சிறு கறுப்பு நூல்களாக வெளியிட்டது. இதில் டன் என்பது எடை அன்று, கன அளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடமே ஒரு டன். ஏறத்தாழ 14 கன மீட்டர். இரும்பானாலும் பஞ்சானாலும் இடம்தான் கணக்கு. புதிதாக ஆட வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

டிராவலரில் பெயர்பெற்ற 200 டன் வணிகக் கலத்தை எடுத்துக்கொள்வோம். இயந்திரங்களுக்கு 15 டன், எரிபொருளுக்கு 30, கட்டுப்பாட்டு அறைக்கு 20, கணினிக்கு 1, பத்து பயணியர் அறைகளுக்கு 40, இருபது உறைதுயில் பெட்டிகளுக்கு 10, ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு 2. கழித்தால் மிஞ்சுவது 82 டன். அதுவே சரக்கறை. அதற்கு விலை கிடையாது. அதன் வடிவம், உயரம், கதவின் அகலம் எதுவும் கணக்கில் வராது. மற்ற எல்லாம் போக எஞ்சிய இடம் என்பதே அதன் இலக்கணம்.

கலத்தின் தளவரைபடத்தை வரையத் தொடங்கும்போது சிக்கல் தெரியவரும். ஒன்றரை மீட்டர் பக்கமுள்ள கட்டங்கள் இரண்டு சேர்ந்தால், மூன்று மீட்டர் உயரத் தளத்தில், ஒரு டன். ஆகவே 82 டன் சரக்கறைக்கு 164 கட்டங்கள் வேண்டும். வரைபடம் கணக்கிலிருந்து 10 முதல் 20 விழுக்காடு விலகலாம் என்று விதியே இடம் கொடுத்தது. கதவுக்கும் நடைவழிக்கும் வேண்டிய இடம் இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடும். எழுதியவர்கள் தெரிந்தே விட்ட தளர்வு இது. வணிகமும் சாகசமுமாக ஆடும் வரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. கலத்துக்குள்ளேயே நடக்கும் சண்டைக்காக 1979-இல் 'ஸ்னாப்ஷாட்' வந்தபோது கதவு திடீரென முக்கியமானது. கட்டம் கட்டமாக நகரும் ஆட்டத்தில் கதவு இருக்கும் இடமே பல நேரம் வெற்றியைத் தீர்மானிக்கும்.

அதே ஆண்டு டாஸ்க் ஃபோர்ஸ் கேம்ஸ் வெளியிட்ட 'ஸ்டார்ஃபயர்' வேறு வழியில் போனது. ஸ்டீபன் கோல் வடிவமைத்த அந்த விளையாட்டில் கலம் என்பது ஒரு வரி எழுத்துகள் மட்டுமே. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பாகம். அடி விழுந்தால் இடமிருந்து வலமாக எழுத்துகள் அழியும். இங்கே சரக்கறையின் கொள்ளளவைவிட வரிசையில் அது நிற்கும் இடம் பெரிது. பீரங்கிக்கு இடப்புறம் நிற்கும் சரக்கறை, பீரங்கிக்கு வர வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கதவு என்ற பேச்சே இல்லை.

டிராவலரில் பெரும் போர்க் கப்பல்களைக் கட்டுவதற்கான விதிகள் 'ஹை கார்ட்' நூலில் வந்தன. 1979-இல் வெளியான அந்நூல் 1980-இல் திருத்தப்பட்டது. சிறு சண்டை ஊர்திகளைச் சுமக்கும் கலங்கள் வந்ததும் கதவுக்கு ஒரு விலை வைத்தே ஆக வேண்டியதாயிற்று. பெரிய கலங்களில் ஊர்தியை நிறுத்த அதன் டன்னில் 130 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும். விரைவாக வெளியே விட ஏவுகுழாய் வேண்டும். அதற்குத் தேவைப்படும் இடம் மிகப் பெரிய ஊர்தியின் டன்னைப்போல் 25 மடங்கு. பயன் என்னவென்றால், இருபது நிமிடச் சுற்று ஒன்றில் 40 ஊர்திகளை ஏவலாம். 10 டன் ஊர்திகள் ஐந்து இருந்தால் நிறுத்துமிடம் 65 டன், குழாய் 250 டன். வீட்டைவிட வாசல் நான்கு மடங்கு பெரிது! அதுவே நாற்பது ஊர்திகளானால் நிறுத்துமிடம் 520 டன் ஆகும், குழாய் அதே 250 டன். சில ஊர்திகளை மட்டும் சுமக்கும் கலத்துக்குக் குழாய் கட்டுபடியாகாது என்பதை இந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது. நல்ல விதி இப்படித்தான் இருக்கும்.

ஆனால் எல்லா விதிகளும் இவ்வளவு கவனமாக எழுதப்படவில்லை. அதை வெளிச்சமாக்கியவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் டக்ளஸ் லெனட். ஹை கார்ட் விதிகளின்படி ஒரு லட்சம் கோடி கிரெடிட் செலவில் கடற்படை போன்றதொரு விண்படையைக் கட்டி மோதவிடும் 'டிரில்லியன் கிரெடிட் ஸ்குவாட்ரன்' போட்டி 1981 ஜூலையில் கலிபோர்னியாவின் சான் மடேயோவில் நடந்தது. லெனட் அதுவரை இந்த விளையாட்டை ஆடியதே இல்லை. தாம் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரலுக்கு விதிகளைக் கொடுத்து, இரவு இரவாகக் கலங்களை வடிவமைக்கச் செய்தார். அது தந்த முடிவுகளைக் காலையில் பார்த்துக் களையெடுத்தார். கிடைத்தது 96 கலங்கள் கொண்ட விசித்திரமான படை. பெரும்பாலானவை மெதுவாக நகர்பவை, கனத்த கவசமும் ஏராளமான சிறு ஆயுதங்களும் கொண்டவை. கூடவே, எதிரி எவ்வளவு சுட்டாலும் ஏறத்தாழ அடிபடாத ஒரு சின்னஞ்சிறு கலம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். போட்டியில் வென்றது அந்தப் படைதான்.

அடுத்த ஆண்டு விதிகளை மாற்றினார்கள். விரைந்து நகரும் படைக்கு முக்கியத்துவம் தரப்பட்டது. புதிய விதிகள் போட்டிக்குச் சற்று முன்னர்தான் தெரியவந்தன. யூரிஸ்கோ இன்னொரு சந்தைக் கண்டது. படையின் வேகம் சராசரியாகக் கணக்கிடப்படுவதால், அடிபட்டு முடங்கிய சொந்தக் கலத்தைத் தானே அழித்துவிட்டால் சராசரி உயரும். மனித ஆட்டக்காரர் இதைச் செய்யத் தயங்குவார். விதி தயங்கவில்லை. 1982-இலும் லெனட் வென்றார். மூன்றாம் முறையும் அவர் வந்து வென்றால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று நடத்துபவர்கள் சொல்ல, அவர் விலகிக்கொண்டார். மதிப்புக்குரிய 'பேரட்மிரல்' பட்டம் அவருக்குக் கிடைத்தது. வெற்றியில் தம் பங்கு அறுபது விழுக்காடு, நிரலின் பங்கு நாற்பது என்று அவர் மதிப்பிட்டார்.

இதை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. லெனட்டின் படை எழுதப்பட்ட விதி ஒன்றையும் மீறவில்லை. எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த 'நியாயமான விண்படை' என்ற படம் நூலில் எங்கும் இல்லை என்பதையே அது காட்டியது. சரக்கறைக் கதவு பற்றிய சர்ச்சைகளும் இதே இனம்தான். 82 டன் சரக்கறையில் சண்டை ஊர்திகளை அடுக்கி, போர் தொடங்கியதும் ஒரே நொடியில் வெளியே விடலாமா? கதவின் அளவு எழுதப்படாதவரை, 'தடை இல்லை' என்பாரும் 'அனுமதி இல்லை' என்பாரும் ஒரே பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுவார்கள்.

சான் மடேயோ போட்டிக்கு மூன்று மாதம் முன்பு, 1981 ஏப்ரல் 12 அன்று, உண்மையான விண்கலம் ஒன்றின் சரக்கறைக் கதவுகள் முதன்முறையாக விண்ணில் திறந்தன. கொலம்பியா விண்ணோடத்தின் சரக்கறை ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் விட்டமும் கொண்டது. சுற்றுப்பாதையை அடைந்ததும் அதன் கதவுகளைத் திறந்தே ஆக வேண்டும். கலத்தின் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் கதவுகளின் உட்புறத்தில் பொருத்தப்பட்டிருந்தன. கதவு திறக்காவிட்டால் பயணத்தைத் தொடர முடியாது. விரைவில் தரையிறங்க வேண்டியதுதான். ஹை கார்ட் விதிகளில் இதற்கு இணையான பத்தி எதுவும் இல்லை.

டிராவலரின் பிற்காலப் பதிப்புகள் பழைய மௌனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பின. மங்கூஸ் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ஹை கார்ட் நூலில் ஊர்தியை வைக்கும் இடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வெறுமனே நிறுத்திவைத்து ஏவ ஊர்தியின் டன்னில் 110 விழுக்காடு போதும். உள்ளேயே பழுதுபார்க்கும் முழுக் கூடம் வேண்டுமானால் 200 விழுக்காடு. சரக்கறை மட்டும் இன்றும் கழித்தது போக மிஞ்சும் இடமாகவே இருக்கிறது.